நாட்டார் ப்ளூஸ் குழுவின் புதிய இசைத்தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மாடியறையில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி இசைத்தட்டு கேட்பது சில ஆண்டுகளாக வழக்கம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் நாட்டார் ப்ளூஸ் மரபில் வரும் சிறு குழு ஏதேனும் தன் செலவில் புதுத் தட்டு வெளியிட்டு, அதை நாங்கள் வரவழைத்துப் போடும் நாளில் எல்லாம், பாடலைப் பற்றியும் தட்டைப் பற்றியும் காசைப் பற்றியும் அதே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. வாயால் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

நாட்டார் ப்ளூஸ் என்கிறீர்களே, வெறும் ப்ளூஸிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ப்ளூஸ், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்களிடையே உருவான பாடல் வகை. அதன் மிகவும் பழகிய வடிவத்தில் ஓர் அடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாவது அடியில் அதற்கு விடை சொல்வார்கள். காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவிலும், நிஷாதம் கைசிகிக்கும் காகலிக்கும் நடுவிலும் நழுவி நிற்கும். கமகம் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எங்கள் கூட்டத்தில் முதல் தட்டிலேயே தலையாட்டியவர் ஒரு வயலின் ஆசிரியர்.

1940களில் மிஸ்ஸிஸிப்பியிலிருந்து சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் மின்கிடாரும் டிரம்ஸும் சேர்த்துக்கொண்ட பிறகு உருவான உரத்த ஓசையைத்தான் பலர் ப்ளூஸ் என்று அறிந்திருக்கிறார்கள். நாட்டார் ப்ளூஸ் அதற்கு முந்தைய கிராமத்து வாசிப்பைத் தொடர்வது. மின்னிணைப்பு இல்லாத கிடார், தோல் போர்த்திய தந்திக் கருவியான பாஞ்சோ, ஃபிடில் எனப்படும் நாட்டார் பாணி வயலின், ஹார்மோனிகா ஆகியவையே அதன் கருவிகள். கிடாரில் கட்டைவிரல் கீழ்ச்சுரங்களில் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மெட்டை எடுக்கும்.

ப்ளூஸ் என்றால் தனியாள் ஒருவர் கிடாரோடு திண்ணையில் உட்கார்ந்து பாடுவதுதானே? இதில் குழு எங்கே வந்தது?

அந்தத் திண்ணைப் படம் பெருமளவு பிற்காலத்து ரசிகர்கள் வரைந்தது. 1927 முதல் இசைத்தட்டுகளில் பதிவான மெம்ஃபிஸ் ஜக் பேண்ட் ஒரு குழு. காலி ஜாடியின் வாயில் உதடுகளால் ஊதி அடிக்குரல் ஓசை எழுப்புவது அதன் அடையாளம். 1930இல் பதிவைத் தொடங்கிய மிஸ்ஸிஸிப்பி ஷீக்ஸ், ஃபிடிலும் கிடாரும் கொண்ட குடும்பக் குழு. நடனத்துக்கு வாசிக்க வேண்டுமென்றால் ஒருவர் போதாது; ஆகவே குழு என்பது இந்த மரபில் புதுமை அன்று.

சுயாதீனக் குழு என்றால் யாரிடமிருந்து சுயாதீனம்?

ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அளவுகோல். பெரிய நிறுவனம் பதிவுச் செலவை ஏற்று, பதிவின் உரிமையையும் எடுத்துக்கொண்டு, விற்பனையில் ஒரு பங்கை இசைஞருக்குத் தருவது பழைய ஏற்பாடு. சுயாதீனக் குழு தானே செலவழித்து உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது, அல்லது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் சிறு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கிறது. ஓசை கரடுமுரடாக இருப்பதற்கும் சுயாதீனத்துக்கும் தொடர்பில்லை.

இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. ஜான் ஃபாஹி என்ற கிடார் கலைஞர் 1959இல் தன் முதல் தட்டைத் தானே ஏறத்தாழ 100 படிகள் அச்சிட்டார். டகோமா என்ற நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. 1960இல் கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ், டெக்ஸாஸின் நவசோட்டா ஊரில் குத்தகை விவசாயியாக வாழ்ந்த மான்ஸ் லிப்ஸ்கம்பைப் பதிவு செய்து, 250 தட்டுகள் அச்சிட்டு, நண்பர்களோடு உட்கார்ந்து உறைகளைக் கையாலேயே ஒட்டினார். அது ஆர்ஹூலி நிறுவனத்தின் முதல் தட்டு. இன்று ஒரு குழு 300 தட்டு அச்சிட்டு வீட்டுக் கூடத்தில் உறையிட்டு அஞ்சலில் சேர்ப்பதைப் பார்க்கும்போது, அந்த 250 எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆனால் சிறிய நிறுவனம் என்பதாலேயே நேர்மையானது என்று முடிவு கட்ட வேண்டாம். கணக்கே காட்டாத சிறு நிறுவனங்களின் கதை இந்த இசையின் வரலாறு நெடுகிலும் உண்டு.

எல்லாம் செல்பேசியிலேயே கிடைக்கும்போது தட்டு எதற்கு? பழைய காலத்து மோகம்தானே?

மோகமும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் குழுவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது கணக்கு. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஒரு பாடல் முந்தைய 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அந்த ஒலிப்பதிவுக்குப் பங்கு உண்டு. சிறு குழுவின் பாதிப் பாடல்கள் அந்த எல்லையைத் தாண்டாமலேயே நின்றுவிடலாம்.

2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் நிலைமை வேறு. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், தட்டு போன்ற பொருள்களில் 10 சதவீதமும் தளம் எடுத்துக்கொள்ளும். பணம் செலுத்தும் சேவைக்கான கட்டணம் தனி. மீதி குழுவுக்கு. 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் கச்சேரிகள் நின்றுபோனபோது, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையே விட்டுக்கொடுக்கும் வழக்கத்தையும் அந்தத் தளம் தொடங்கியது. இவை போக, கச்சேரி முடிந்ததும் வாசலில் மேசை போட்டு விற்கும் தட்டுகளில் இடைத்தரகரே இல்லை; ஊர் ஊராகப் போகும் குழுவுக்கு அன்றைய டீசல் செலவு பெரும்பாலும் அந்த மேசையிலிருந்துதான் வருகிறது.

ஒரு தட்டில் ஏன் பத்துப் பாடல்களோடு நிறுத்திவிடுகிறார்கள்?

எல்.பி. எனப்படும் 12 அங்குல நீள்நேரத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல்கிறது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 22 நிமிடங்கள் வரை ஓசை குன்றாமல் வெட்டலாம். அதற்கு மேல் திணித்தால் ஊசி ஓடும் பள்ள வரிகள் நெருங்கி, ஒலியளவைக் குறைக்க வேண்டிவரும். இரு பக்கமும் சேர்ந்து நாற்பது நிமிடம் என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. சுழலும் வேகம் ஒன்றே என்றாலும், தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றின் நீளம் குறைவதால், அங்கே கூர்மையான ஓசைகள் சிதையத் தொடங்கும். அதனால்தான் அனுபவமுள்ள குழுக்கள் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் மென்மையான பாடலை வைக்கின்றன. பாடல் வரிசையில் நாம் உணர்ச்சி என்று நினைப்பதில் கொஞ்சம் வடிவியலும் இருக்கிறது.

எல்.பி. 1948இல் வந்தது. அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டின் 10 அங்குலப் பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் இடம் இருந்தது. நடனக் கொட்டகையில் கால்மணி நேரம் நீளக்கூடிய பாடலை இசைஞர்கள் மூன்று நிமிடமாக வெட்டிப் பாடினார்கள். பழைய பதிவுகளை மட்டும் கேட்டு இந்தப் பாடல்கள் இயல்பிலேயே சிறியவை என்று எண்ணிவிடக் கூடாது.

முன்பணம் வாங்கிக்கொண்டு ஆறு மாதம் கழித்துத் தட்டு அனுப்புகிறார்கள். இத்தனை நாள் எதற்கு?

அச்சடிப்பது என்னவோ தட்டுக்கு அரை நிமிட வேலைதான். அதற்கு முன்புள்ள படிகள் நீளமானவை. அரக்குப் பூச்சு இடப்பட்ட அலுமினியத் தகட்டில் முதலில் வரிகளை வெட்டுவார்கள். அதன்மேல் வெள்ளி பூசி, நிக்கல் முலாம் ஏற்றி, உரித்தெடுத்து, அந்த எதிர்ப்படிவத்திலிருந்து அச்சுகளை உண்டாக்குவார்கள். பிறகு சோதனைத் தட்டுகள் சில அச்சாகி வரும். குழு அவற்றைக் கேட்டு ஒப்புதல் தந்த பின்னரே மொத்த அச்சு. சோதனைத் தட்டில் குறை தெரிந்தால் மீண்டும் முதலிலிருந்து.

இதில் எதிர்பாராத அடி ஒன்றும் விழுந்தது. அந்த அரக்குத் தகடுகளை உலகில் செய்துவந்தவை இரண்டே நிறுவனங்கள். அவற்றுள் கலிபோர்னியாவின் பேனிங் நகரில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் தீக்கிரையானது. மிஞ்சியது ஜப்பானில் உள்ள ஒன்று. அதே ஆண்டுகளில் பெரிய பாடகர்களும் லட்சக்கணக்கில் தட்டு அச்சிடத் திரும்பியதால், 300 தட்டு கேட்கும் குழு வரிசையின் கடைசிக்குப் போயிற்று. முன்பணமே அச்சுக்கூடத்துக்கான முதல் தவணையாக இருப்பதால், பொறுத்திருக்கும் நீங்களும் ஒரு வகையில் வெளியீட்டாளரே.

180 கிராம் தட்டு என்று பெருமையாக எழுதியிருக்கிறதே, ஓசை நன்றாக இருக்குமா?

எடை கூடினால் ஓசை கூடாது. கனமான தட்டு கையில் பிடிக்க நன்றாக இருக்கும், அஞ்சல் செலவும் கூடும். வெட்டும் பொறியாளரின் கையே ஓசையை முடிவு செய்கிறது.

புதிதாகப் பதிவு செய்ததுதானே, ஏன் பழைய தட்டுப் போல் கரகரக்க வேண்டும்?

இரண்டு வேறு விஷயங்கள் இங்கே கலந்துவிடுகின்றன. எல்லோரும் ஒரே அறையில் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றிரண்டு மைக்குகளுக்கு முன்னால் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்வது ஒரு முறை. நாற்காலி முனகும், கால் தாளம் தட்டும் ஓசையும் விழும். குழுவினர் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிப்பதால் தாளம் உயிரோடு நெளியும். இதை நான் மனமார வரவேற்கிறேன்.

மற்றது, கணினியில் செயற்கையாகக் கீறல் ஓசையைச் சேர்ப்பது. மிஸ்ஸிஸிப்பி ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவின் ஓட்டல் அறையிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் 29 பாடல்களைப் பதிவு செய்தபோது, அவரும் அவரைப் பதிவு செய்தவர்களும் அன்றைக்கு இயன்ற தெளிவான ஓசையைத்தான் விரும்பினார்கள். இன்று நாம் கேட்கும் கரகரப்பு, தேய்ந்த படிகளிலிருந்து வருவது. தேய்மானத்தைப் புதிதாகச் செய்து விற்பது, புது வேட்டியில் கறை பூசி விற்பதைப் போன்றது.

உறையில் பாடலின் கீழ் "மரபுப் பாடல், இசையமைப்பு: குழு" என்று இருக்கிறது. இயற்றியவர் யார் என்றே தெரியாதா?

சில பாடல்களுக்கு உண்மையிலேயே தெரியாது, வாய்வழியாக வந்தவை. ஆனால் இயற்றியவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயர் விடுபட்ட கதைகளும் உண்டு. ஒரு தட்டை மதிப்பிட நான் முதலில் திருப்பிப் பார்ப்பது இந்த எழுத்துகளைத்தான்.

எலிசபெத் காட்டன் 1893இல் வட கரோலினாவில் பிறந்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கிடாரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டும் மற்ற விரல்களால் கீழ்ச்சுரமும் வாசித்தார். நான் மேலே சொன்ன வாசிப்பு முறைக்கு நேர் எதிர். சிறுமியாக இருந்தபோது ரயிலைப் பற்றி ஒரு பாடல் கட்டினார். பிற்காலத்தில் சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வீட்டு வேலை செய்தபோது அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைக் கற்றார்கள். அவர்களில் பெகி சீகர் இங்கிலாந்தில் பாட, அங்கே கேட்டவர்கள் அதைத் தங்கள் பாடலாகவே பதிவு செய்துகொண்டார்கள். 1957இல் அது இங்கிலாந்தில் புகழ்பெற்றபோது உறையில் இருந்தவை வேறு இருவரின் பெயர்கள். சீகர் குடும்பத்தின் முயற்சியால் உரிமை பிறகு காட்டனுக்குத் திரும்பியது. 1985இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய அவருக்குக் கிராமி விருதும் கிடைத்தது. அதைப் பெற்றுத்தந்த தட்டு, மேலே குறிப்பிட்ட ஆர்ஹூலியின் வெளியீடு.

ஆகவே "மரபுப் பாடல்" என்று எழுதும் குழு, அதை யாரிடம் கற்றது, எந்தப் பதிவைக் கேட்டுக் கற்றது என்று ஒரு வரி சேர்த்து எழுதினால், அந்தக் குழு வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நூறாண்டுப் பழைய பாடல்தானே, யாருக்குக் காசு தர வேண்டும்?

பாடல் ஓர் உரிமை, அதன் ஒலிப்பதிவு இன்னோர் உரிமை. அமெரிக்காவில் 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. 1923இன் பதிவுகள் 2024 தொடக்கத்தில் பொதுவுடைமை ஆயின; அதற்குப் பின் ஆண்டுக்கு ஓர் ஆண்டாக நகர்கிறது. எனவே 1928இல் வெளியான பதிவின் ஒரு துண்டைத் தன் பாடலில் ஒட்டவைக்க விரும்பும் குழு 2029 வரை அனுமதி கேட்க வேண்டும். அதே பாடலைத் தானே பாடுவதென்றால் பதிவின் உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை. பாடலுக்கு உரிமையாளர் இருந்தால் அங்குள்ள சட்டப்படியான கட்டணத்தைச் செலுத்தினால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மிகாத பாடலுக்கு அது 2022 வரை படிக்கு 9.1 சென்ட், 2023இல் 12 சென்ட் ஆகி, விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. 300 தட்டுக்கு 12 சென்ட் வீதம் ஒரு பாடலுக்கு 36 டாலர். இதைக் கொடுக்காமல் தப்பிக்க எந்தக் குழுவுக்கும் காரணம் இல்லை.

சட்டத்துக்கு அப்பாலும் கதைகள் உண்டு. மிஸ்ஸிஸிப்பியின் கோமோ ஊரில் வாழ்ந்த ப்ளூஸ் கலைஞர் ஃப்ரெட் மெக்டவலின் வாசிப்பைப் பின்பற்றி ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1971இல் ஒரு பாடலை வெளியிட்டபோது, ஆர்ஹூலியின் ஸ்ட்ராக்விட்ஸ் விடாமல் வாதாடி அவருக்கு உரிமைத்தொகை வாங்கித் தந்தார். 1972இல் மெக்டவல் இறந்துவிட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் காசோலையை அவர் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

இந்தியாவில் ஒரு குழு இதே பாடல்களைப் பாடித் தட்டு போட்டால்?

நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாடலுக்கு இயற்றியவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும், ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு. 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவு மறுபதிவுக்குச் சட்டப்படியான உரிமம் தருகிறது. முதல் ஒலிப்பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். அது மறுபதிவு என்று உறையில் எழுத வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான உரிமைத்தொகை கட்ட வேண்டும். 300 தட்டு அச்சிடும் குழுவுக்கு இந்த வழி பொருந்தாது. முந்தைய விடையில் சொன்ன அமெரிக்க முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். பாடலின் உரிமையாளருக்கு நேரடியாக எழுதி அனுமதி பெறுவதே நடைமுறையில் எளிது.

அது கறுப்பின மக்களின் வலியிலிருந்து வந்த இசை. மற்றவர்கள் பாடி விற்கலாமா?

இந்தக் கேள்வி வரும் நாளில் தட்டு பாதியில் நின்றுவிடும். பாடக் கூடாது என்ற பக்கம் நான் இல்லை. ஆனால் பாடுகிறவர் தன் ஆசிரியரைக் காட்ட வேண்டும் என்பேன். அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கருவியிலிருந்து வந்த பாஞ்சோ, 20ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்களின் கருவி என்றே அறியப்படும் அளவுக்குக் கைமாறியது. 2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோக் கலைஞர்களின் கூடுகை ஒன்று நடந்தது. அதையொட்டி உருவான கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவின் மூன்று இளைஞர்களும், மெபேன் ஊரில் இருந்த ஜோ தாம்சன் என்ற முதிய ஃபிடில் கலைஞரின் வீட்டுக்கு வாரந்தோறும் போய்க் கற்றார்கள். அவர்கள் கறுப்பினத்தவர்களே, இருந்தும் பிறப்பு மட்டும் போதும் என்று அவர்கள் கருதவில்லை.

நம் பக்கத்திலும் இந்த இசையை எடுத்தவர்கள் உண்டு. ஷில்லாங்கின் சோல்மேட் குழு 2003 முதல் ப்ளூஸ் வாசிக்கிறது. தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பாடகி சுசீலா ராமனின் முதல் தட்டு 2001இல் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசுப் பட்டியலில் இடம்பெற்றது. கர்நாடக இசைக் கீர்த்தனைகள் கிடாரோடு அதில் வருகின்றன. அதைப் ப்ளூஸ் என்று அழைக்க மாட்டேன். ஆயினும், தன் மரபைக் கொண்டுபோய் வேறொன்றின் அருகில் வைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது அந்தத் தட்டைத்தான்.

பாடலை எழுதியதாகக் குழு தன் பெயரைப் போட்டிருக்கிறது. ஆனால் அதே அடிகளை 1929ஆம் ஆண்டுத் தட்டொன்றில் நான் கேட்டிருக்கிறேன். இது திருட்டா?

ஓரிரு அடிகள் மட்டும் ஒத்திருந்தால் திருட்டு என்று சொல்ல முடியாது. இந்த மரபில் மிதக்கும் அடிகள் ஏராளம். ரயில் நிலையம், வறண்ட கிணறு, விடியற்காலையில் எழுந்தேன் என்ற தொடக்கம் எல்லாம் பாடலுக்குப் பாடல் தாவும். நம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஒரே அடி பத்து ஊர்களில் பத்துப் பெயர்களோடு ஒலிப்பதைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மெட்டு, அடிகளின் வரிசை, கிடாரின் தொடக்கத் துணுக்கு ஆகிய மூன்றும் ஒன்றாக ஒத்திருந்தால்தான் கேள்வி எழுப்ப வேண்டும்.

அப்படி ஒத்திருந்த ஒரு தட்டுக்கு நாங்கள் குழுவுக்கே நேரடியாக எழுதினோம். குற்றம் சாட்டாமல், எந்தத் தட்டில், எந்தப் பக்கத்தில் கேட்டோம் என்பதை மட்டும் குறிப்பிட்டோம். பத்து நாளில் விடை வந்தது: பாடலைக் கற்பித்தவர் தான் கற்ற இடத்தைச் சொல்லாமல் விட்டாராம். இரண்டாம் அச்சின் உறையில் பழைய பெயர் சேர்ந்திருந்தது. எங்களிடம் இருப்பது முதல் அச்சு என்பதால், அந்தப் பெயரை நான் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.